கறுப்பு வண்டிக்கு நல்ல தண்ணீர்

சுந்தரபாண்டியன் அண்ணாச்சி சத்தம் போடுகிற ஆள் இல்லை. லிங்கராஜுக்கு அதுதான் பயம்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற அண்ணாச்சிக்கு லிங்கராஜ் கார் ஓட்டுகிறான். அவனுக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவன் காமராஜ். வேறு யாருமில்லை, லிங்கராஜின் தாய்மாமன் மகன்தான். ஒரு நாள் விளாத்திகுளம் போய்த் திரும்பிய கறுப்பு வண்டியின் மேல் கரிசல் புழுதி அப்பிக் கிடந்தது. காமராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்காமல் வறவறவென்று துடைத்துவிட்டான். வெயில் பட்டதும் பானெட் முழுக்கச் சிலந்திவலை மாதிரிக் கோடு. அண்ணாச்சி வந்தார், விரலால் ஒரு தடவு தடவினார், "சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். காமராஜ் இன்றைக்கு ஓட்டப்பிடாரத்தில் மாமனார் வீட்டோடு கிடக்கிறான்.

அந்தக் கோடுகளை மெருகு போட்டு எடுத்த பிறகு, பைபாஸ் ரோட்டுக் கடையில் வண்டிக்கு, பெயிண்டைக் காக்கிற செராமிக் கோட்டிங் போட்டார்கள். கடைக்காரர் கிருஷ்ணகுமார் புது டிரைவர் லிங்கராஜைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"தம்பி, வண்டிக்குக் கண்ணாடியில சட்டை தச்சுப் போட்டிருக்கு. கிழியாமப் பாத்துக்கிடுதது ஒங்க பொறுப்பு. நிழல்ல வச்சுக் கழுவுங்க. மொதல்ல தண்ணிய அடிச்சுப் புழுதிய எறக்கணும், பொறவுதான் ஷாம்பு. உப்புத்தண்ணி மட்டும் ஆகவே ஆகாது. மேல காஞ்சிச்சின்னா புள்ளி விழும். விட்டா கோட்டிங்கையே தின்னுரும்."

ஆபீஸ் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்கமுடியாத உப்பு. அண்ணாச்சி கார் ஷெட்டில் ஒரு நீல டிரம்மை வைத்து, அதில் லாரியில் வருகிற குடிதண்ணீரை நிரப்பச் சொன்னார். வண்டி கழுவ மட்டும் அந்தத் தண்ணீர்.

இதில்தான் லிங்கராஜ் மாட்டிக்கொண்டான். அவன் நாகலாபுரத்துக்குக் கிழக்கே ஆட்டுக்கிடை போட்டுத் திரிந்த சோலைச்சாமியின் மூத்த மகன். எப்போதும்வென்றான் ஊருக்கு வாழப்போன அவன் அத்தை காளீஸ்வரி, புருஷன் தவறிப்போய் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள், அவள்தான் அவனை வளர்த்தது. சிறுவயதில் ஒரு தடவை, அவள் ஊற்றில் சுரண்டி மொண்டு வந்த நல்ல தண்ணீர்க் குடத்தைக் கால் தட்டிக் கவிழ்த்துவிட்டான். அத்தை அடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்திருந்தால் அவன் மறந்திருப்பான்.

டிரம்மில் வாளியை முக்கி எடுத்து வண்டி மேல் ஊற்றப்போன முதல் நாளே பாதியைத் திரும்ப டிரம்மிலேயே ஊற்றினான். குடிக்கிற தண்ணீர்! குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்த கோடை அது. தீக்குச்சியைப் பெட்டியில் அடைக்கிற பெண்கள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்து, நாக்கை நனைத்து நனைத்துப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வாய்த்துடுக்கானவள் ராமலட்சுமி. ஷெட் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, அடுத்த சென்மத்துல நான் காராப் பொறக்கணும். குடிக்கவும் நல்ல தண்ணி, குளிக்கவும் நல்ல தண்ணி."

"போ தாயி, அண்ணாச்சி வந்துருவாவ."

"அவிய வந்தா என்ன? காரு கோவிச்சுக்கிட்டாத்தான் பயம். ஒரு குடம் தாங்கண்ணே, பிள்ளைகளுக்கு."

கொடுத்தான். மறுநாள் இன்னொருத்தி வந்தாள். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு மற்றவளை வெறுங்குடத்தோடு அனுப்ப முடியுமா? டிரம் காலியாகிக்கொண்டே வந்தது. லிங்கராஜ் போர் தண்ணீரில் வண்டியைக் கழுவி, ஒரு துளி காய்வதற்குள் மெத்தென்ற துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தான். கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர் நிற்கவே நிற்காது. சேம்பிலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடும். புள்ளி ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டிரம்மை மறைத்து நின்றுகொள்வான்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணாச்சி மகனுக்குப் பெண் பார்க்க விருதுநகர் போவதாக இருந்தது. அன்று காலையிலேயே லிங்கராஜ் வண்டியை வெளியே போர்க் குழாயடியில் நிறுத்தி நனைத்துவிட்டான். துணியைக் கையில் எடுத்தபோது ஆபீஸுக்குள்ளிருந்து குரல் வந்தது: "லிங்கராசு, அந்த பைக்க எடுத்துக்கிட்டு பேங்குக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா." ஈர வண்டியை எப்படி விட்டுப் போவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எந்தத் தண்ணீர் என்று கேட்பாரே!

திரும்பி வந்து பார்த்தவனுக்கு உயிர் போய்விட்டது. பானெட், கூரை, கதவு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளி. நகத்தால் சுரண்டினான். போகவில்லை. ஷாம்பு போட்டான். புள்ளி பளபளவென்று இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. காமராஜின் முகம் கண்முன்னே வந்தது. ஒதுங்கி நின்று கிருஷ்ணகுமாருக்குப் போன் போட்டான்.

"தேச்சிராதீங்க தம்பி! தேச்சா கோட்டிங்கும் போயிரும். வினிகர் வாங்கி, அதே அளவு நல்ல தண்ணி கலந்து, துணிய நனைச்சு மேல போட்டு வைங்க. கொஞ்ச நேரத்துல எடுத்துட்டு நெறைய நல்ல தண்ணிய விட்டு அலசிருங்க."

"போயிருமா?"

"இன்னைக்கு விழுந்ததுன்னா போவும். பழசுன்னா சொல்ல முடியாது."

வண்டியை ஷெட்டுக்குள் தள்ளி நிறுத்தினான். ஃபிரைடு ரைஸ் கடையில் கெஞ்சி வினிகர் வாங்கியாயிற்று. டிரம்மைச் சாய்த்தால் அடியில் கொஞ்சம் பாசித் தண்ணீர்தான் கிடந்தது. வேறு வழியில்லாமல் ராமலட்சுமியிடம் போய் நின்றான். விஷயத்தைச் சொன்னான். அவள் எழுந்து வந்து வண்டியைப் பார்த்தாள்.

"ஆத்தாடி, காருக்கு அம்மை போட்டிருக்கே. வேப்பிலை கட்டலியா அண்ணே?"

"வெளையாடாத தாயி. இன்னைக்கோட என் சோலி முடிஞ்சிச்சி."

அப்புறம் அவள் சிரிக்கவில்லை. உள்ளே போனாள். வரும்போது பின்னாலேயே பெண்கள் தங்கள் பாட்டில்களோடு வந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது. ஒருத்தி பாதியைக் குடித்துவிட்டு மீதியை ஊற்றினாள். ஒருத்தி, "என் தண்ணிய கண்ணாடிக்கு விடாதிய, மூஞ்சிக்கு விடுங்க" என்றாள். லிங்கராஜ் நனைந்த துணியைப் போட்டான், எடுத்தான், அலசினான். கதவில் புள்ளி கரைந்தது. கூரையில் கரைந்தது. பானெட்டுக்கு வந்தபோது பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

அண்ணாச்சி பெண்களின் கையிலிருந்த காலிப் பாட்டில்களைப் பார்த்தார். டிரம் பக்கம் போய் விரலை மடக்கித் தட்டினார். டொங் என்று வெறும் சத்தம் வந்தது. பானெட்டில் இன்னும் போகாமல் நின்ற புள்ளிகளை விரலால் தடவினார்.

"யாரு வீட்டுக்குப் போச்சு?"

ராமலட்சுமி, "எங்க வீட்டுக்குத்தான் மொதலாளி" என்றாள்.

அண்ணாச்சி, "நாளைக்குக் காலைல வா" என்று லிங்கராஜிடம் சொல்லிவிட்டு, விருதுநகருக்கு வாடகைக் காரில் போனார். சாவியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதுவிட்டாவது வீட்டுக்குப் போயிருப்பான்.

காலையில் டிரம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. மூடியில் புதுப் பூட்டு. அண்ணாச்சி அதன் சாவியை லிங்கராஜின் கையில் வைத்தார்.

"இனி கொறஞ்சா ஒன்னத்தான் கேப்பேன்."

அதோடு சரி.

இன்றைக்கும் லிங்கராஜ்தான் அந்தக் கறுப்பு வண்டியை ஓட்டுகிறான். பானெட்டின் ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளி மட்டும் போகாமல் நிற்கிறது. ஒரு வாளியில் முடிக்க வேண்டிய கழுவலை அரை வாளியில் முடிக்கப் பழகிவிட்டான். கோட்டிங் வழுவழுப்பில் புழுதி தானே இறங்கிவிடுகிறது. மிச்ச அரை வாளி, ஈரத்துணி காயப்போடுகிற மூலையில் ஒரு குடத்துக்குள் போகிறது. ராமலட்சுமி வந்து எடுத்துப் போகிறாள். அந்தத் துடுக்கு வாய்கூட அங்கே திறப்பதில்லை.

தினமும் ஆபீஸுக்குள் நுழையும்போது அண்ணாச்சி ஷெட்டில் ஒரு நிமிஷம் நின்று டிரம்மைத் தட்டுகிறார். லிங்கராஜ் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு, எந்த மட்டம் வரை வெறும் சத்தம் கேட்கிறது என்று காதைக் கொடுத்து நிற்கிறான். தட்டிவிட்டு அவர், மூலையிலிருக்கிற குடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகிறார்.