மூளிக்காது அணில்

நாற்பத்தைந்து வயதில் எனக்குப் பொம்மை வாங்குகிற பழக்கம் இருந்தது. "பேரனுக்கா சார், பேத்திக்கா?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வராது. பேத்திக்கு என்பேன். அப்போது பேத்தியே கிடையாது. ஒரே மகளைக் குத்தம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆவடியில் ராணுவத்துக்கான தொழிற்சாலை ஒன்றில் லேத் மெஷினில் வேலை பார்த்தேன். என் டூலை யாராவது கேட்காமல் எடுத்துவிட்டால் ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு முசுடு என்று பேர். அந்த முசுடு சனிக்கிழமை மாலைகளில் பிளாட்பாரக் கடை முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணாடி அன்னத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஷெட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்.

தொழிற்சாலையில் பேக்கிங் பெட்டிப் பலகைகளை ஏலம் விட்டபோது கொஞ்சம் எடுத்து வந்து, நானே இழைத்து, பூந்தமல்லியில் கண்ணாடி வெட்டி வாங்கி, ஒரு ஷோகேஸ் செய்து குவார்ட்டர்ஸ் முன்னறையில் மாட்டியிருந்தேன். மற்ற வீட்டு ஷோகேஸ்களில் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் செட்டும், பையன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பையும் இருக்கும். என்னுடையதில் பல்பு எரிகிற பிளாஸ்டிக் தாஜ்மகால், ஊதிச் செய்த அன்னம், சோழி ஒட்டிச் செய்த மயில், கழுத்தில் ஸ்பிரிங் வைத்த ஆமை என்று பதினைந்து இருபது உருப்படிகள். புதிதாக ஒன்று வாங்கி வந்தால், சுற்றியிருக்கும் பேப்பரை அவசரப்படாமல் பிரிப்பேன். அதைத் துடைத்து, மற்றவற்றை ஒரு விரல் அகலம் நகர்த்தி, இடம் பார்த்து வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்தப் பத்து நிமிஷ சந்தோஷம் எனக்கு சம்பள உயர்விலும் கிடைத்ததில்லை. இது பொய்யில்லை.

மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. அவள் அம்பத்தூர்க்காரி. அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

"இன்னாய்யா, இன்னிக்கி இன்னா பொம்ம? பொம்மக் கல்யாணம் எப்போ? சொல்லு, மாவு அரைக்கணும்" என்பாள்.

சிரித்துச் சமாளிப்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எனக்கென்று எதையும் வாங்கித் தந்ததில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. சமைத்துப் போட்டாள், துவைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தை விட்டு நகரமாட்டாள். ஆனால் ஒரு பொருளை எடுத்து, இது உனக்கு என்று கையில் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் அப்பா அம்மாவுக்கு நடுவிலும் இருந்ததில்லை.

மகள் கல்யாணம் முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாங்காட்டுக்குப் போயிருந்தோம். கோயிலை விட்டு வரும்போது, வைக்கோல் பரப்பிய கூடையில் பீங்கான் பொம்மைகளை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் இருக்கிறாளே என்று நான் பார்க்காதவன் போல நடந்தேன். பத்தடி போய்த் திரும்பினால் அவளைக் காணோம். கூடைக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். வந்து என் கையில் ஒரு அணிலை வைத்தாள். கட்டைவிரல் உயரம்தான். இரண்டு கையிலும் எதையோ பிடித்துக் கொறிக்கிற அணில். ஒரு காது உடைந்திருந்தது.

"காது மூளியாக் கீது. அதனாலதான் கொறச்சிக் குடுத்தான். உனுக்குத்தான், வெச்சுக்கோ" என்றாள். சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விடுவிடுவென்று நடந்துவிட்டாள். வெட்கம். எனக்கும்தான். ஆவடி வரைக்கும் சட்டைப் பையில் இருந்த அணில்மேல் கையை வைத்தபடியே வந்தேன்.

தாஜ்மகாலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அணிலை நடுவில் வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவளிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. அங்கேதான் என் முட்டாள்தனம் ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. புருஷனுக்கு எங்கள் தொழிற்சாலையிலேயே வேறு ஷெட்டில் வேலை. அந்த அம்மா நான்கு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி காபி போட உள்ளே போனாள். ஷோகேஸ் கதவை நான் துடைப்பதற்காகத் தள்ளி வைத்திருந்தேன். குழந்தை நாற்காலியில் ஏறி, அன்னத்தை விட்டு, மயிலை விட்டு, நேராக அணிலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

"வெச்சுரு கண்ணு, மாமாவுது" என்றார் அந்த அம்மா. குழந்தை அசையவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "ஏனுங்கண்ணா, உடவே மாட்டேங்கறாளுங்களே!"

"இருக்கட்டும்மா" என்றேன்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பேச்சில் இதை எதற்கு வேண்டுமானாலும் போடலாம். இன்னொரு இட்லி வேண்டாம் என்பதற்கும் இருக்கட்டும். மீதிச் சில்லறை நீயே வைத்துக்கொள் என்பதற்கும் இருக்கட்டும். உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன் என்பதற்கும் அதேதான். நான் சொல்ல வந்தது, அது அங்கேயே இருக்கட்டும் என்பது. குழந்தை மனசு நோகக் கூடாதே என்ற தயக்கத்தில் முன்பாதியை விழுங்கிவிட்டேன். குழந்தையிடமே இருக்கட்டும் என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"மாமாக்கு டேங்க்ஸ் சொல்லு கண்ணு" என்றார். திரும்பினால், காபி டம்ளர்களோடு என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். முகம் ஒரு கணம் எப்படியோ ஆனது. பிறகு "எட்த்துக்கோ பாப்பா" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

அவர்கள் போனதும் விளக்கிச் சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே பேசினாள்.

"உன் தாஜ்மகாலு, அன்னம், எல்லாம் அங்கதான் கீது. கொயந்த எத எட்த்துச்சி பாத்தியா? நான் வாங்கினு வந்தத!"

நான் வாயைத் திறந்தேன்.

"நீயும் மூஞ்ச சுளிக்காம குட்த்துட்ட. முசுடு முசுடுன்றானுங்க உன்ன. அவனுங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள். அப்போதுதான் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் பெருமைப்பட்டு நான் கண்டதில்லை. நான் தரவில்லை, அது என் அணில், எனக்கு வேண்டும் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? திறந்த வாயைக் காபி கேட்பதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆனால் அணிலை விட மனசில்லை. ஒரு யோசனை செய்தேன். அம்பத்தூரில் ஓட்டி என்கிற ஓ.டி. மார்க்கெட்டுக்குப் போய், சாவி கொடுத்தால் டிரம் அடிக்கிற குரங்கு ஒன்று வாங்கினேன். குரங்கைப் பார்த்தால் குழந்தை அணிலைக் கீழே போடும், கீழே போட்டதை நான் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். எதிர்வீட்டில் போய் உட்கார்ந்து சாவி கொடுத்தேன். குரங்கு டமடமவென்று அடித்தது. குழந்தை ஓடிவந்து வலது கையால் குரங்கை வாங்கிக்கொண்டது. இடது கையில் அணில் அப்படியே இருந்தது. அதற்கு இரண்டு கை உண்டு என்பதை நான் மறந்துபோனேன்.

மறுநாளே தண்ணீர்க் குழாயடியில் செய்தி பரவிவிட்டது. என் மனைவிதான் பரப்பினாள். "எங்க ஊட்டுக்காரரு ஓட்டி வரிக்கும் போயி வாங்கினு வந்தாரு. அவுருக்குக் கொயந்தைங்கன்னா உசுரு." அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வராத குழந்தை இல்லை. ஷோகேஸ் கதவை அவளே தள்ளித் திறந்து, "எது ஓணும்? கேளு, மாமா குடுப்பாரு" என்பாள். அன்னம் போனது. மயில் போனது. ஆமை தலையை ஆட்டிக்கொண்டே போனது. கை உடைந்து கட்டுப் போட்டிருந்த ஒரு சிறுவனுக்குத் தாஜ்மகாலை அவள் ஒயரோடு பிடுங்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். ஷெட்டில் ஒரு ஸ்பானருக்காக மேஸ்திரியையே எதிர்த்துச் சண்டை போட்டவன் நான். இங்கே ஒரு வார்த்தை எழவில்லை. ஷோகேஸில் இடம் காலியாகக் காலியாக அவள் என்னிடம் பேசுகிற பேச்சில் கேலி குறைந்து மரியாதை கூடியது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து எதிர்வீட்டுக்காரருக்கு ஊர்ப்பக்கமே மாற்றல் கிடைத்தது. சாமான் ஏற்ற லாரி வந்தது. அரைமனதாகக் கயிறு கட்ட உதவிக்கொண்டிருந்தேன். அணில் இனிமேல் எங்கே என்பதுதான் மனசெல்லாம். அந்த அம்மா எங்கள் இருவரிடமும் விடைபெற வந்தார். குழந்தையின் கையிலிருந்து அணிலை மெல்ல வாங்கி என் முன்னால் நீட்டினார்.

"இதையாவது நீங்களே வெச்சுக்கங்கண்ணா. லாரியில போனா ஒடஞ்சு போயிருமுங்க. எங்க ஞாபகமா உங்க ஊட்டுலயே இருந்துட்டுப் போகுது."

குழந்தைக்கு ஆறு வயது. அழவில்லை. அதுவும் சரியென்று தலையாட்டியது. நான் கையை நீட்டிவிட்டேன். விரல் நுனி அந்த மூளிக்காதில் பட்டது.

"அய்யே, நல்லாக் கீதே!" என்று என் மனைவி குறுக்கே புகுந்தாள். "குட்த்தத திருப்பி வாங்குற ஆளா இவுரு? நீ எட்த்துனு போ பாப்பா." அணிலை வாங்கிக் குழந்தையின் கைக்குள் வைத்து மூடினாள். பிறகு, நான் ஆமாம் என்று சொல்வதற்காக, முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தாள்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குழந்தையின் தலைமேல் வைத்து, "நல்லாப் படிக்கணும்" என்றேன்.