முதல் எட்டுப் பக்கங்கள்

ஜமீல் சார் இறந்த செய்தி எங்கள் உளவியல் துறையின் வாட்ஸப் குழுவில் காலை ஏழரைக்கு வந்தது. நான் உடனே நம்பவில்லை. அதைப் போட்டவர் போன வருடம், உயிரோடு இருந்த கல்லூரி முன்னாள் முதல்வர் ஒருவருக்கும் இரங்கல் எழுதியவர். ஆம்பூருக்குப் போன் செய்து ஜமீல் சாரின் மகனிடம் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். அதற்குள் குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவற்றில் பாதிக் கைகள் அவருடைய பாடத்தை ஒழிக்க உயர்ந்தவை. என் கையும் உண்டு. அதனால் அடையாளம் தெரியும்.

அந்தப் பாடம் உளவியலின் வரலாறு. வாணியம்பாடியிலிருந்தும் வாலாஜாபேட்டையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், செத்தவர்களின் பட்டியல் எதற்கு என்று பாடத்திட்டக் கூட்டத்தில் முதலில் கேட்டவன் நான். அவர் கோபப்படவில்லை. "ஒரு மனை வாங்கணும்னா வில்லங்கம் போட்டுப் பாக்கறோமே சேகர் சார். ஒரு ஆளுக்கு இவன் புத்திசாலி, இவன் மக்குன்னு முத்திரை குத்தறதுக்கு முன்னாடி அந்த முத்திரைக்கு வில்லங்கம் பாக்க வேணாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அதை விருப்பப்பாடமாக்கினார்கள்.

அவர் கோபப்படாததுதான் எனக்குச் சந்தேகம். அதற்கு வெகு முன்பே எங்களுக்குள் ஒரு விவகாரம் இருந்தது.

அப்போது நான் ஒரு ஷூ கம்பெனிக்கு சூப்பர்வைசர்களைத் தேர்ந்தெடுக்க அறிவுத்திறன் தேர்வு நடத்திக்கொடுத்து வந்தேன். ஒரு கேள்வியில் ஒரு ஜோடி ஷூவின் படம். எது குறைகிறது என்று எழுத வேண்டும். ஒரு ஷூவில் லேஸ் இருக்காது, அதுதான் விடை. பன்னிரண்டு வருடம் தையல் பிரிவில் இருந்த ஒரு பெண் 'வலது கால் ஷூ இல்லை' என்று எழுதியிருந்தார். தவறு என்று போட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணில் அவருக்கு சூப்பர்வைசர் வேலை கிடைக்காமல் போயிற்று. ஆசிரியர் அறையில் அந்தத் தாளை வேடிக்கையாகக் காட்டினேன்.

"பாருங்க சார், படம் பாக்கத் தெரியாதவங்கதான் ஷூ தைக்கறாங்க."

ஜமீல் சாரின் அப்பா ஷூவுக்குத் தோல் வெட்டியவர். தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். "ரெண்டுமே எடது கால் சார். வரைஞ்சவனுக்குத் தெரியல, இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். பிறகு தாளைத் திருப்பித் தராமலே தேர்வின் கையேட்டைக் கேட்டார். என்னிடம் இருந்த ஜெராக்ஸ் ஒன்பதாம் பக்கத்தில்தான் தொடங்கும்.

"மொத எட்டுப் பக்கம் இன்னா ஆச்சு?"

"முன்னுரைதானே சார். யாருக்கு வேணும்?"

யார் யாருக்கோ எழுதி, மூன்று மாதத்தில் அந்த எட்டுப் பக்கங்களை வரவழைத்தார். ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் பள்ளிப் பையன்களுக்காகச் செய்யப்பட்ட தேர்வு அது. நான் பார்த்துப் பார்த்து மதிப்பெண் போட்ட அட்டவணையும் அந்தப் பையன்களுடையது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்வைச் செய்தவரே ஆறாம் பக்கத்தில் எழுதியிருந்தார். அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டு என் மேசையில் வைத்துவிட்டு ஜமீல் சார் வகுப்புக்குப் போய்விட்டார்.

அதைப் படித்த பிறகும் இரண்டு முறை அதே தேர்வை நடத்தினேன். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடச் சொல்லவில்லை. இதை இங்கேதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

பிறகு கம்பெனி என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியது. அவர்தான் போட்டுக்கொடுத்தார் என்று பதினோரு வருடம் நினைத்தேன். ஒருமுறை நேரிலேயே கேட்டேன். "நான் சொல்லல. சொல்லியிருக்கணும்" என்றார். "சந்தேகப்படறது நம்ம தொழில் சார். ஆனா எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்துட்டு சந்தேகப்படுங்க. இல்லன்னா சும்மா பேஜார்தான்." நான் நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

போன வியாழக்கிழமை இரங்கல் கூட்டத்தில், இப்போது ஒரு பள்ளியில் ஆலோசகராக இருக்கும் பழைய மாணவி பேசினார். "வருஷா வருஷம் மொத கிளாஸ்ல சார் ஒரு விடைத்தாள் காட்டுவாரு. ஷூ படம் போட்டது. எழுதினவங்க பேர் மேலயும் திருத்தினவர் பேர் மேலயும் சீட்டு ஒட்டியிருக்கும். யாரு சார் இதுன்னு கேட்டா, நாளைக்கு நீயா இருக்கலாம்மா, அதுக்குத்தான் இந்தப் பாடம்னுவாரு." அரங்கம் கைதட்டியது. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயரை மறைத்தது இரக்கமா, யாரென்று பிள்ளைகள் தேடட்டும் என்ற தந்திரமா? என் புத்தி முதலில் இரண்டாவதற்குத்தான் போயிற்று. அவர் சொன்னபடி தேடிப் பார்த்தேன். பதினோரு வகுப்புகள் அந்தத் தாளைப் பார்த்திருக்கின்றன. ஒரு மாணவர்கூட என்னை ஒருநாளும் வேறு மாதிரி பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்த ஒரே ஆதாரம் இதுதான். அது அவர் பக்கம் இருக்கிறது.

அந்த விருப்பப்பாடத்தை நடத்தத் துறையில் யாரும் முன்வரவில்லை. நான் கேட்டு வாங்கினேன். இதில் இவனுக்கு என்ன லாபம் என்று துறையில் சிலர் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். அவர் மகன் கொடுத்த கோப்பில் அந்த எட்டுப் பக்கங்களின் நகலும் விடைத்தாளும் இருந்தன. ஜமீல் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இவைதான். அந்தப் பெண்ணின் பெயர் மேல் ஒட்டிய சீட்டைத் தொடவில்லை. திருத்தியவர் பெயர் மேல் இருந்ததை நேற்று ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் வகுப்பு.