சகாயம் தட்டாத வண்டி

மன்னார்புரத்தில் பெரியண்ணன் வைத்திருந்த கார் சர்வீஸ் ஷெட்டுக்கு லிஃப்ட் வந்து இறங்கிய புதிதில் வெள்ளைச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. புரியுமா பின்னே? அதுவரை குழிக்குள் இறங்கி, முதுகொடிய வண்டிக்கு அடியில் கிடந்தவன் அவன். இப்போது ஒரு கைப்பிடியைத் திருப்பினால் போதும், பூமிக்குள்ளிருந்து இரும்புத் தூண் எழுந்து முழுக் காரையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரோட்டில் போகிறவன் வருகிறவனெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்ப்பான். கூட்டம் கூடக் கூட நம் ஆளின் மீசையும் கொஞ்சம் மேலே ஏறும். அந்தக் கைப்பிடியை வேறு யாரும் தொடக் கூடாது என்பது பெரியண்ணனின் உத்தரவு.

தூக்குவது வெள்ளைச்சாமி. அடியில் நின்று கிரீஸ் அடிப்பது சகாயநாதன். பாலக்கரைக்காரன், கலியாணம் ஆகாதவன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவன் மாதிரி அப்படி ஓர் அமைதி. சகாயம் காரைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, யாரும் இல்லையென்று தெரிந்த பிறகு பானெட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவான். அந்தத் தட்டு கேட்டால்தான் தூக்க வேண்டும். தூக்கிய கையோடு வெள்ளைச்சாமியே ஓர் இரும்புக் காலை அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைந்து தூண் தானாக இறங்கினாலும் அந்தக் கால் தாங்கிக்கொள்ளும். தூணில் எண்ணெய் கசிவது வெள்ளைச்சாமிக்குத் தெரியாதா என்ன? தினமும் துடைப்பவனே அவன்தான்.

அறுபத்தொன்றாம் வருஷம், மாசி மாதம். ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அடியில் என்னவோ கடகடக்கிறது, பார்த்துச் சொன்னால் போதும், கண்டோன்மெண்டில் உறவுக்காரர் வீட்டு சிராத்தத்துக்கு நேரமாகிறது என்றார். சொல்லிவிட்டு, போன் பேச ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார். பின்சீட்டில் அவர் மனைவி ரங்கநாயகி மடிப்புடவை கட்டி, பித்தளைத் தூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் எண்ணெயும் சேறும். மடியாக வந்திருக்கிறேனே, இதில் எப்படிக் கால் வைப்பேன் என்று அந்த அம்மா தயங்கினார். ஒரு பலகையை எடுத்துப் போட்டிருந்தால் முடிந்தது காரியம். பலகையும் சுவரோரம் சாத்தித்தான் இருந்தது. ஆனால் வாசலில் சைக்கிள்காரர்கள் நாலைந்து பேர் நின்றுவிட்டார்களே!

"நீங்க இறங்கவே வேணாம்மா. அப்படியே உக்காந்திருங்க, பூப்போலத் தூக்கிப் பூப்போல இறக்கிடறேன்" என்றான் வெள்ளைச்சாமி.

சகாயம் கொல்லைப்பக்கம் கிரீஸ் நிரப்பிக்கொண்டிருந்தான். தட்டு வரவில்லை. வெள்ளைச்சாமி கைப்பிடியைத் திருப்பினான், கார் எழுந்தது. சத்தம் கேட்டு வந்த சகாயம், வெள்ளைச்சாமி அண்ணன் உள்ளே பார்த்துவிட்டுத்தான் தூக்கியிருப்பார் என்று நம்பி அடியில் போய் நின்றான். இரும்புக் கால்? அந்த நினைப்பே வெள்ளைச்சாமிக்கு இல்லை. வேடிக்கை பார்த்தவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான், பாவி.

திடீரென்று தூண் ஒரு முழம் இறங்கி, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. உள்ளே இருந்த அம்மா அரண்டுபோய்க் கதவைத் திறந்து காலை வெளியே நீட்டிவிட்டார். வெள்ளைச்சாமி கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். அடியில் நின்ற சகாயம் எதிர்ப்பக்கமாக வெளியே ஓடித் தப்பித்திருக்கலாம். வண்டி தன் தலையில் உட்காரப்போகிறதா என்றுகூடப் பார்க்காமல், கையில் இருந்ததை எறிந்துவிட்டு, கால் தெரிந்த பக்கம் பாய்ந்து, விழுந்தவரைத் தாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள், தூக்கு கவிழ்ந்தது. யார் செய்த புண்ணியமோ, தூண் அதற்குமேல் இறங்கவில்லை. அந்த அம்மாவுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. மடிப்புடவையில் மட்டும் சகாயத்தின் விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன.

வக்கீல் ஓடிவந்து, மனைவியை ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினார். அவர் கத்தக்கூட இல்லை. உள்ளே மனுஷி இருக்கும்போது எப்படித் தூக்கினீர்கள் என்று மட்டும் கேட்டார். பெரியண்ணன் திரும்பி வெள்ளைச்சாமியைப் பார்த்தார். வெள்ளைச்சாமியின் வீட்டில் மனைவி மயிலம்மாள் நிறைமாதமாக இருந்தாள். அதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. இந்த நேரத்தில் வேலை போனால் என்ன ஆவது? நினைத்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பலகை போட்டு அம்மாவ இறக்கச் சொல்லியிருந்தேங்க. சகாயம் தட்டினான். இறக்கிட்டான்னு நெனச்சுத் தூக்கிட்டேன்."

எவ்வளவு ஒழுங்காக வந்து விழுந்தது அந்தப் பொய்! உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இத்தனை கச்சிதமாக வந்திருக்காது. முட்டியில் ரத்தம் வழிய நின்ற சகாயம் அவனை ஒரு பார்வை பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மயிலம்மாளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருப்பதாக முந்தின வாரம்தான் வெள்ளைச்சாமியிடம் சொல்லியிருந்தான். அன்று சாயங்காலமே பெரியண்ணன் சகாயத்தைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். இரும்புக் காலைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

பெண் குழந்தை பிறந்தது, தங்கவும் தங்கியது. பொன்னுத்தாய் என்று பேர் வைத்தார்கள். மயிலம்மாள், ஷெட்டில் என்னவோ ஆபத்தாமே என்று கேட்டபோது, வெள்ளைச்சாமி அவளிடமும் அதே கதையைத்தான் சொன்னான். பெரியண்ணனிடம் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மாற்றிப் பேச முடியுமா?

சித்திரையில் ஸ்ரீரங்கத்திலிருந்து வக்கீல் வீட்டு டிரைவர் வந்தான். அன்றைக்குத் தாங்கிப் பிடித்தவருக்கு அம்மா புளியோதரைப் பிரசாதம் கொடுத்தனுப்பினார்கள் என்று ஒரு பொட்டலத்தை நீட்டினான். யாருக்கு என்று அவனுக்குத் தெரியாது. வெள்ளைச்சாமி வாங்கிக்கொண்டான். எப்படியும் கொடுத்துவிட்டு, மனசில் இருப்பதையும் கொட்டிவிடலாம் என்று பாலக்கரை மாதா கோயில் தெருவரைக்கும் சைக்கிள் மிதித்தான். சகாயத்தின் வீட்டு வாசலில் அவன் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சாமி சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. அப்படியே திரும்பிவிட்டான். அந்தப் புளியோதரையை வழியில் ஒரு பிச்சைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தன்மேல் தனக்கே வந்த அருவருப்போடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தான்.

இன்னொரு தடவையும் முயன்றான். திருவெறும்பூர் பக்கம் புதிதாக ஒர்க்ஷாப் ஆரம்பித்த நல்லதம்பியிடம், சகாயநாதன் என்று ஒருத்தன், தங்கமான வேலைக்காரன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தான். நல்லதம்பி சிரித்தார். ஆளைப் பார்க்காமல் தட்டினவன்தானே, ஊருக்கே தெரியுமே, அவன் கையில் யார் வண்டியைக் கொடுப்பான் என்றார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் சகாயத்துக்கு வேலை கிடைத்திருக்கும். வெள்ளைச்சாமி, சரிங்க போயிட்டு வரேன் என்று கிளம்பிவிட்டான். முதல் பொய்யாவது பயத்தில் வந்தது. இதற்கு என்ன சாக்கு சொல்வது?

பிறகு அவன் தூக்கிய ஒவ்வொரு காரையும் தானே எட்டிப் பார்த்தான். சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தான். இரும்புக் கால் முட்டுக்கொடுக்காமல் யாரையும் அடியில் விடுவதில்லை. இவனைப் போல ஜாக்கிரதையான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது என்று பெரியண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் வெள்ளைச்சாமிக்கு உடம்பு கூசும்.

பொன்னுத்தாய் பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்துவிட்டாள். வைகுண்ட ஏகாதசி முடிந்த மறுவாரம், கூட்டம் குறைந்திருக்கும் என்று மூன்று பேரும் ஸ்ரீரங்கம் கிளம்பினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. பின்படியில் நின்ற கிளீனர் குனிந்து, குழந்தையை இரண்டு கையாலும் அலுங்காமல் தூக்கி உள்ளே விட்டான். காக்கிச் சட்டை, காதோரம் நரை. சகாயம்தான்.

"வாங்கண்ணே. இதுதான் அந்தப் பாப்பாவா?" என்று கேட்டான் சகாயம்.

வெள்ளைச்சாமி தலையை ஆட்டினான். யாருங்க இவரு என்று மயிலம்மாள் கேட்டாள். சகாயநாதன், கூட வேலை பார்த்தவன் என்று முனகினான். அவள் அந்தப் பேரை மறக்கவில்லை.

"அன்னைக்கு ஆளைப் பாக்காமத் தட்டினாருன்னு சொன்னீங்களே, அவரா?"

வெகுளியாகத்தான் கேட்டாள், ஆனால் சத்தமாகக் கேட்டுவிட்டாள். பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சகாயம் அவளைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், கடைசியாக வெள்ளைச்சாமியைப் பார்த்தான். வெள்ளைச்சாமி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போதாவது சொல்லேன்டா என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

"நான்தான் அண்ணி. இப்பல்லாம் பாத்துட்டுத்தான் தட்டுறேன்" என்றான் சகாயம்.

ஒரு கிழவர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வந்து கம்பியைப் பிடிக்கும்வரை காத்திருந்து, படியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான். பஸ் நகர்ந்தது.

காவேரிப் பாலம் வந்தது. நல்ல மனுஷனாகத்தான் தெரிகிறார், அன்றைக்கு என்னவோ கவனம் தப்பிவிட்டது போல என்று மயிலம்மாள் மெல்லச் சொன்னாள்.

வெள்ளைச்சாமி ஆமாம் என்றான்.