பாய்லர்காரரின் புதன்கிழமை

கண்ணாடிப் பாட்டில் ஆலையில் அவருக்குக் கழுகு என்று பெயர். வெள்ளை விளக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வரிசையாக நகர்ந்து போகும் பாட்டில்களில் கீறல் விட்டதையும் குமிழ் விழுந்ததையும் பொறுக்கித் தள்ளுவது வேலை. முப்பத்து மூன்று வருடம் அதைச் செய்தார். மயிரிழைக் கீறல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது, பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பியடித்தார்.

ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு ஆலையில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். முதல் நாள் முழுக்கப் பணம். அதில் அவர் புலி. சேமிப்பு, காப்பீடு எல்லாம் எப்போதோ கச்சிதமாக முடித்திருந்தார். இரண்டாம் நாள் வந்த பயிற்சியாளர் பெண், ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள்.

“பணத்தை நேத்தே முடிச்சாச்சு. இன்னிக்கு, இனிமே வர்ற நாட்களை எப்படிக் கழிக்கப் போறீங்கன்னு பார்ப்போம். வேலை இல்லாத ஒரு வாரத்தை எழுதுங்க. காலையில எதுக்காக எழுந்திருப்பீங்க? யாரோட இருப்பீங்க?”

கழுகு ‘திங்கள்’ என்று எழுதி அடியில் கோடு போட்டார். பேனா அங்கேயே நின்றுவிட்டது. மூளையைக் கசக்கிப் பார்த்தார். பாட்டில்கள்தான் வரிசையாக வந்தன. பக்கத்தில் ஆலையின் பாய்லர்காரர் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். கழுகின் கண் சாய்ந்தது. திங்கள், நீச்சல். செவ்வாய், தோட்டம். ‘புதன், மனைவியோடு நடப்பது, பேசுவது. இத்தனை வருடம் அவள் சொன்னதை அரைக் காதில்தான் கேட்டேன்.’ அதையும் சேர்த்து, ஒரு வார்த்தை மாறாமல் ஞாயிறு வரை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

தாள்கள் பிறகு தபாலில் வீட்டுக்கு வரும் என்று அந்தப் பெண் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

வேலையிலிருந்து நின்ற மறுவாரமே தாள் வந்தது. பிரித்தது மனைவி. இரண்டு தரம் படித்தாள். குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

“கல்யாணம் ஆனதுல இருந்து என்னைப் பத்தி நீங்க எழுதின முதல் காகிதம் இதுதான். அரைக் காதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே, அது போதும்” என்றாள்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அவர், “சாப்பிடலாமா?” என்றார்.

மறுநாளே நீச்சல் டவுசர் வாங்கி வந்துவிட்டாள். அவருக்கோ முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் உதறல். திங்கட்கிழமை நீச்சல் குளத்துக்குப் போனார். உடை மாற்றும் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். குழாயடியில் டவுசரை நனைத்துப் பிழிந்து, பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். மனைவி அதை உதறிக் காயப்போட்டாள். அறுபது வயதில் இந்தக் கூத்து மூன்று திங்கட்கிழமை நடந்தது.

புதன்கிழமை இருவரும் நடந்தார்கள். முதல் வாரம் அவர் பாட்டிலைப் பற்றியே பேசினார். இரண்டாம் வாரம் அவள் பேசினாள். மூன்றாம் வாரம் அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் பாய்லர்காரர் முகம் நினைவுக்கு வந்தது. அடுத்தவர் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் கூசியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, அக்காவை என்ன பண்ணீங்க? மூணு வாரமா ஆடவே வரலையே!”

“என்ன ஆட்டம்?”

“என்ன ஆட்டமா? டேபிள் டென்னிஸ்ணே! பதினோரு வருஷமா புதன்கிழமை நகராட்சி ஹால்ல நானும் அக்காவும் ஜோடி. கேட்டா, ‘என் வீட்டுக்காரர் புதன்கிழமையை எனக்குன்னு எழுதி வெச்சிருக்கார், வர முடியாது’ன்னு சிரிக்கிறாங்க. அடுத்த மாசம் போட்டி. நான் என்ன சுவரோடயா ஆடறது?”

மாத்திரையை வாங்கினாரே தவிர, மீதிச் சில்லறையை வாங்கவில்லை. புதன்கிழமை என்றால் அவருக்கு எப்போதும் இரண்டாம் ஷிப்டு. தான் இல்லாத நேரத்தில் அவள் எங்கே போகிறாள் என்று பதினோரு வருடத்தில் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தார். ஆணியில் மட்டைப் பை தொங்கியது. அதை மறைத்துக்கொண்டு, அதே ஆணியில், அவருடைய நீச்சல் பை.

மறுநாள் மாலை அவள் நடைக்குக் கிளம்பி, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தாள் நான் எழுதினது இல்லை” என்றார்.

“எந்தத் தாள்?”

“குளிர்பெட்டியில இருக்கறது. பாய்லர்காரர் எழுதினதைப் பார்த்து எழுதினேன்.”

“நீச்சல் பொய்னு முதல் வாரமே தெரியும். டவுசர் நனைஞ்சிருக்கு, குளோரின் வாடையே இல்லை. தலை காஞ்ச வைக்கோலா இருக்கு. சரி, மனுஷன் வெட்கப்படுவார், தானா சொல்லட்டும்னு விட்டேன்.” கயிற்றை இழுத்த கை நின்றது. நிமிர்ந்தாள். “புதனுமா?”

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது.

“புதனும்.”

“அந்த அரைக் காது?”

“அதுவும்.”

அவள் அழவில்லை. இன்னொரு ஷூவையும் நிதானமாகக் கட்டினாள். சமையலறைக்குப் போய்த் தாளை எடுத்து வந்து, நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

“பாய்லர்காரர்கிட்ட திருப்பிக் கொடுத்துடுங்க. அது அவர் வீட்டம்மாவோடது.”

நீச்சல் பையைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். மட்டைப் பையைத் தோளில் மாட்டினாள்.

“நானும் வரட்டுமா?”

“எதுக்கு? இதையும் யாராவது எழுதிக் குடுத்தாங்களா?”

கழுகு தரையைப் பார்த்தார். “இல்லை. நீ எங்க போறேன்னே எனக்குத் தெரியாம இருந்திருக்கேன். பார்க்கணும்.”

“பார்க்கிறதுன்னா ஓரமா உட்காரணும். பாட்டிலைப் பார்க்கிற மாதிரி குறை கண்டுபிடிச்சீங்கன்னா, வெளியே அனுப்பிடுவேன்.”

ஹாலில் மருந்துக்கடைக்காரம்மா, “அண்ணே, புதன்கிழமையை விட்டுக் குடுத்துட்டீங்களா?” என்று கை தட்டினாள். மனைவி பையிலிருந்து மட்டையை உருவிக்கொண்டு மேசைக்குப் போனாள். அவர் பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தார். மனைவி மட்டையை வீசிய வேகத்தைப் பார்த்து அவருக்கு வாய் திறந்துகொண்டது. அந்தக் கையை அவர் சமையலறையில் மட்டுமே பார்த்திருந்தார்.

பந்து ஒன்று அவர் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்தார். பழக்கதோஷம், குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சுற்றினார். மயிரிழைக் கீறல். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பந்துப் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து அதையும் விளக்கில் பார்த்து, நல்லதுதான் என்று தெரிந்தபின் கொண்டுபோய் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் பக்கம் முகத்தை மட்டும் திருப்பவில்லை.

“பெட்டியில இருக்கிற மத்ததையும் பார்த்து வையுங்க” என்றாள்.