சுவிட்சில் கிடந்த துண்டு

2006 ஜூன் மாதத்தின் முதல் வியாழக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போன வாரம். முதலியார்பேட்டைப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் நான் எழுத்தராக இருந்தேன்.

ஐஸ் பாளத்தைத் தூளாக்கும் மிஷினுக்குள் இரும்புப் பல் பதித்த உருளை சுற்றும். வாசலோரம் இருந்த அதன் சுவிட்சுக்கு மேலே 'ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதே' என்று ஒரு சிவப்புத் தகரப் பலகை. உள்ளே கையை விடும்போது மட்டும் மாட்டவேண்டியது. அடிக்கடி தொலைகிறதே என்று நான்தான் ஆணியடித்து வைத்தேன். எந்நேரமும் இருந்ததால் அதை ஒருவரும் பார்ப்பதில்லை. மிஷினில் கை வைப்பவர், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோலத் தன் துண்டைச் சுவிட்சின் கைப்பிடியில் போட்டுவிடுவார். துண்டு கிடந்தால் யாரும் தொடமாட்டார்கள்.

அன்று காலை உருளையில் கோணிச் சாக்கு சுற்றிக்கொண்டது. ஐஸ் உடைப்பவர் துண்டைப் போட்டுவிட்டு, மிஷினின் மறுபக்கம் போய், வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டார். வாசலில் மீன் வியாபாரிகள் இருவருக்குள் வரிசைத் தகராறு.

"விடிகாலைலேர்ந்து நிக்கிறேன், நீ இப்ப வந்து பூந்துட்டுப் போறியா?"

"உங்கப்பன் வூட்டு ஐஸா இது?"

அப்பனை இழுத்தவரின் மண்டையில் ஐஸ் கொக்கி இறங்கியது. ரத்தம் கண்ணை மூட, அவர் சுவரில் சாய்ந்து சரிந்தார். நான் ஓடினேன். கைக்கு எட்டிய துணியை இழுத்து அவர் தலையில் அழுத்திக் கட்டினேன். அது எந்தத் துணி என்று நான் யோசிக்கவில்லை. இருவர் அவரை ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். சுவிட்சில் கிடந்த துண்டும் அவரோடு போய்விட்டது.

"அடிச்சிக்கிட்டது போதும், மிஷினப் போடுங்கடா!" என்று கூட்டம் கத்தியது. டீ குடித்துவிட்டு வந்த ஆபரேட்டர் கைப்பிடியைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. "உள்ள யாருனா இருக்கீங்களா?" என்று கேட்கவும் செய்தார். அந்தக் கூச்சலில் மறுபக்கம் வரை அது எட்டவில்லை. கைப்பிடியை மேலே தள்ளினார்.

தூள் சிவப்பாக வந்தது. நிறுத்துவதற்குள் முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

மதியம் ஐஸ் உடைப்பவரின் தம்பிகள் மூவர் வந்து ஆபரேட்டரைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். "அவர் மேல தப்பில்ல! துண்டை எடுத்தது நான்தான்!" என்று நடுவில் விழுந்தேன். பெரியவன் என்னைத் தூக்கி ஓரமாக நிறுத்தினான். "சார், நீங்க நல்லவரு. இவனுக்காகப் பொய் சொல்லாதீங்க." மறுபடி மிதித்தான். பல் உடையும் சத்தம் எனக்குக் கேட்டது.

சாயங்காலம் சுத்தியலோடு போய் அந்தப் பலகையின் ஆணிகளைப் பிடுங்கினேன். ஆபரேட்டர் சுவரோரம் உட்கார்ந்து ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டுத்தான் சார் போட்டேன். துண்டு இல்ல."

"தெரியும். நான்தான் எடுத்தேன்."

"அப்ப... அவனுங்ககிட்ட நெஜமாத்தான் சொன்னீங்களா?"

தலையசைத்தேன். அவர் சுவரைப் பிடித்து எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். அன்று எனக்கு விழுந்த அடி அது ஒன்றுதான்.