பணியால் வந்த நோய் அல்ல

முதல் அறிகுறியைச் சோம்பல் என்றுதான் நினைத்தேன்.

ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த என் கணவர், மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்க ஆள் போதாத ஒரு நாள் காலையில் கொல்லைக்கு வந்தார். ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறியவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிடுங்க வந்த பெண்கள் கொல்லையின் அடுத்த முனைவரை போய்த் திரும்பியபோதும் அதே செடி அவர் கையில் இருந்தது. “மிலிட்டரிக்காரரு ரெஸ்ட் எடுக்கறாரு” என்று ஒருத்தி சிரித்தாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. “நாலு பேரு பாக்கறாங்க, எழுந்திருங்க” என்றேன்.

“எழுந்திருக்கணும்னுதான் பாக்கறேன் கோமதி. முடியல.”

அந்தப் பதிலை நான் காதில் வாங்கவே இல்லை. இன்றைக்கும் என்னை நான் மன்னிக்காத இடம் அது.

விடுப்பு முடிந்து போனார். சில மாதங்களில் ராணுவ மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. கடுமையான மனச்சோர்வு நோய் (துயரமும் அசதியும் வாரக்கணக்கில் விடாமல், தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் முடக்கிவிடும் நிலை) என்றார்கள். நீண்ட சிகிச்சைக்குப் பிறகு, இனி பணிக்குத் தகுதியில்லை என்று திண்டிவனத்துக்கே அனுப்பி வைத்தார்கள்.

அவர் பெட்டியோடு ஒரு தாளும் வந்தது. மருத்துவ வாரியம் (படைவீரரின் உடல்தகுதியை முடிவுசெய்யும் மருத்துவர் குழு) எழுதியது. நோய் பணியால் வந்ததல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியால் அவருக்கு ஊன ஓய்வூதியம் இல்லை என்று ஆனது. இரண்டு காரணங்கள் சொல்லியிருந்தார்கள். நோய் தொடங்கியபோது அவர் சண்டை இல்லாத, அமைதியான ஊரில் இருந்தாராம். அதோடு, குடும்பத்தில் ஏற்கெனவே மனநோய் உண்டாம்.

குடும்பத்தில் யாருக்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. அவரிடமே கேட்டேன். மருத்துவமனையில், வீட்டில் யாராவது நீண்ட நாள் துக்கத்தில் இருந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். தன் தங்கை ஏழு வயதில் காய்ச்சலில் இறந்தபோது, அம்மா ஒரு வருடம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அதுதான் தாளில் குடும்ப வழி மனநோய் ஆகியிருந்தது.

என் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். “பொண்ணு செத்துப்போனா தாய்க்காரி அழுவாம இன்னா பண்ணுவா? அதப் போயி நோயின்னு எழுதிக்கினு இருக்கானுங்களே” என்றார். என் மாமியார் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை.

விழுப்புரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போகத் தொடங்கினோம். என் கணவரைவிட வயதில் சிறிய பெண். முதல் நாளே என்னிடம், “இது சோம்பேறித்தனம் இல்லம்மா. கால் உடைஞ்சவரை ஓடச் சொல்லுவீங்களா?” என்று கேட்டார். நான் தலை குனிந்துகொண்டேன்.

மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆயின. முதலில் வந்தது கை நடுக்கமும் வாய் உலர்தலும்தான். நான்காவது முறை போனபோது, மருத்துவர் எதுவும் கேட்காமலேயே என் கணவர் பேசினார். அந்த அமைதியான ஊருக்கு மாற்றலாவதற்கு முன் இரண்டு குளிர்காலம் மலை உச்சிக் காவலில் இருந்திருக்கிறார். பனி சரிந்து கூட இருந்தவர் புதைந்துபோனார். இவர் கையாலேயே தோண்டினார். முகம் தெரிகிறவரை தோண்டினார். உயிர் இல்லை.

“ஏன் இத்தனை நாளா சொல்லலை?” என்று மருத்துவர் கேட்டார்.

“யாரும் கேக்கல மேடம். வீட்ல யாரு அழுதாங்கன்னுதான் கேட்டாங்க.”

முதல் மேல்முறையீட்டை நான்தான் எழுதினேன். தனியார் பள்ளி அலுவலகத்தில் டைப் அடிப்பது என் வேலை என்பதால் மனு எழுதுவது எனக்குப் புதிதல்ல. மலைக் காவலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். பல மாதம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. அதே வாக்கியம். இரண்டாவது மேல்முறையீட்டுக்கு, மறுபடி மருத்துவர் குழு முன் வரச் சொன்னார்கள்.

அதற்குள் அவர் கொஞ்சம் தேறியிருந்தார். தானே குளிப்பார், தானே சவரம் செய்துகொள்வார். மாதக்கணக்கில் கண்ணாடியைப் பார்க்காதவர் அதன் முன் நிற்பதைப் பார்த்து நான் சமையலறையில் அழுதிருக்கிறேன். அப்படிப்பட்டவரிடம் நான் சொன்னது இதுதான்:

“போர்டுக்குப் போற வரைக்கும் ஷேவ் பண்ணாதீங்க. நல்லாயிட்டீங்கன்னு நெனச்சிடுவாங்க.”

அவர் ரேசரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நோயாளி வேஷம் போடணுமா?” என்றார். போர்டு அன்று நரைத்த தாடியோடு, நான் தேய்க்காமல் கொடுத்த சட்டையோடு வந்தார். உள்ளே போனதும் ஒரு அதிகாரி “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார். இவர் கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்று, “நல்லா இருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாவது மனுவும் தள்ளுபடி ஆனது. அதைவிட மோசம், அந்தத் தாடியை அவர் எடுக்கவில்லை. மறுபடி படுத்துவிட்டார். மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. நடந்ததைச் சொன்னபோது மருத்துவர் திட்டவில்லை. “இனிமே அவரு எப்படி இருக்காரோ அப்படியே கூட்டிட்டுப் போங்க” என்றார். இதைப் படிப்பவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது அது ஒன்றுதான்.

மூன்றாவதாக, படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போனோம். வழக்கறிஞர் மலைக் கதையைப் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. “பட்டாளத்துல சேரும்போது நோய் இருந்ததா குறிப்பு இல்ல. அப்படின்னா பணியில வந்ததுன்னுதான் எடுத்துக்கணும். இல்லன்னு அவங்கதான் நிரூபிக்கணும். அது போதும்” என்றார். வாய்தாக்கள் நீண்டன. நடுவில் மாமனார் இறந்துபோனார்.

வழக்கறிஞர் சொன்ன அதே விதியால் ஜெயித்தோம். உத்தரவு நகல் வந்த அன்று என் கணவர் அதைப் பொறுமையாக இரண்டு முறை படித்தார்.

“மேல மலையில நடந்தது எங்கனா எழுதியிருக்கா?”

இல்லை என்றேன்.

“அம்மாவப் பத்தி எழுதனத அடிச்சிட்டாங்களா?”

அதைப் பற்றியும் ஒன்றும் இல்லை. “சரி” என்று மடித்து என்னிடம் கொடுத்தார். ஓய்வூதியம் வருகிறது. அவர் காலையில் சில மணி நேரம் தெரிந்தவரின் விதைக் கடையில் உட்காருகிறார். மாத்திரை தொடர்கிறது. நல்ல நாட்கள் அதிகம், மோசமான நாட்களும் உண்டு.

போன மாதம் கடைவாய்ப் பல் வலித்து நான் பல் மருத்துவரிடம் போனேன். இரண்டு பக்கமும் பற்கள் தேய்ந்து மட்டமாகியிருப்பதாகச் சொன்னார். தாடையை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேனாம். எத்தனை வருடமாக என்று கேட்டார். எனக்கு வருடம் சொல்ல வரவில்லை. முதல் மனு, இரண்டாவது மனு, தீர்ப்பாயம் என்றுதான் வந்தது. என் மகள் எப்போது வயதுக்கு வந்தாள், எந்த வருடம் பெரிய மழை பெய்தது என்பதெல்லாம் அவற்றுக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது. வாயைத் திறந்து சற்றுத் தளர்த்தச் சொன்னார். திறந்தேன். தளர்த்துவது எப்படி என்றுதான் தெரியவில்லை.