அக்காவின் படத்துக்கு ஒரு சுவர்

பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ என்று பிழைப்பு ஓடுகிறது. எனக்காக எடுத்துக்கொள்ளும் படங்கள் தனி. அப்படி எடுத்ததுதான் அக்காவின் படம்.

அந்த வருஷம் மண்டியில் தக்காளியைக் கேட்பாரில்லை. பறித்த கூலிகூடத் தேறாது என்று தெரிந்ததும் அக்கா வண்டியைத் திருப்பி, பெட்டி பெட்டியாக ஏரிக்கரையில் கொட்டினாள். சேலைக்குமேல் மாமாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கடித்தாள். அவள் அழவில்லை. காலையிலிருந்து சாப்பிடாத பசி, அவ்வளவுதான். அப்போது எடுத்தேன்.

நம் அரசும் ஐரோப்பிய நாடு ஒன்றின் தூதரகமும் சேர்ந்து, அந்த நாட்டுத் தலைநகரில் உழவர்களைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி நடத்தப்போவதாக அறிவித்தார்கள். அனுப்பினேன். தேர்வாகிவிட்டது என்று தகவல் வந்தது. அக்காவைவிட நான்தான் அதிகம் குதித்தேன். கொஞ்ச நாளில் டெல்லியிலிருந்து ஒருங்கிணைப்பாளர் பேசினார். நம் பக்கத்துக்காரர்தான்.

"மேடம், படம் அருமைங்க. ஆனா அந்த நேரத்துல ரெண்டு நாட்டுக்கும் காய்கறி ஏற்றுமதி பத்திப் பேச்சு நடக்குது. மந்திரிங்க வர்ற ஹால்ல இது வேணாம்னு மேல சொல்றாங்க. காரிமங்கலம் சந்தையில எடுத்தது ஒண்ணு அனுப்பியிருந்தீங்களே, அதை வெச்சுக்கலாங்களா?"

"இதுல பொய் ஏதாச்சும் இருக்குங்களா சார்?"

"அய்யோ, அப்பிடிச் சொல்லலீங்க. நேரம் சரியில்ல."

அவர் குரலில் கூச்சம் இருந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு வண்டியை விட்டேன். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் படம் வேண்டாம் என்கிறார்கள் என்றேன்.

"என் மூஞ்சி நல்லால்லன்னு சொல்றாங்களாடி?"

"அதில்லக்கா. மந்திரிங்க காய்கறி ஏத்துமதி பத்திப் பேசறாங்களாம். நீ தக்காளி கொட்டுனது அவுங்களுக்குச் சங்கடமாம்."

கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "கொட்டுனப்ப ஒருத்தருக்கும் சங்கடமில்ல. பாக்கறதுக்குத்தான் சங்கடமா? நீ எடுத்த படம். உனுக்கு எது புடிச்சிருக்குது?"

"இதுதாங்க்கா."

"அப்ப இதையே வெக்கச் சொல்லு. இல்லீன்னா ஒண்ணுமே வேணாம்னுடு. வூட்டுல களி இருக்குது, தின்னுட்டுப் போ."

அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்து வெளியான பட்டியலில் என் பெயர் இல்லை. முகூர்த்த மாதம் அது. மேடையில் நிற்பவர்களைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லிப் படமெடுத்தேன். மனம் என்னவோ ஏரிக்கரையிலேயே கிடந்தது.

பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த நாட்டுப் புகைப்படக்காரி ஒருத்தி எழுதியிருந்தாள். மாட்டுப்பண்ணைக்காரர்களைப் படமெடுப்பவள். முதல் பட்டியலில் எங்கள் படங்கள் அடுத்தடுத்து இருந்தனவாம். பழம் தின்னும் அந்த அம்மா எங்கே என்று கேட்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

அவள் இரண்டு அரசுக்கும் கடிதம் எழுதினாள். மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் பேசி முடியுங்கள், ஆனால் ஒரு கலைஞர் எதைக் காட்டலாம் என்பது அந்தப் பேரத்தில் சேராது. அந்தப் படம் இல்லையென்றால் என் படமும் இல்லை என்று முடித்திருந்தாள். இன்னும் சிலர் அதில் கையெழுத்துப் போட்டார்கள். என்னை நேரில் பார்த்திராதவர்கள். அந்தக் கடிதத்தின் நகலைக் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சில வாரம் இழுத்தது. ஒருநாள் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். "மேடம், மாட்டறாங்க! ஹால்ல இல்லீங்க, வெளி வராண்டாவுல. அதுக்குமேல என்னால முடியல. எனக்கும் அந்தப் படம் போயிடக்கூடாதுன்னுதான் இருந்துச்சு." அவரும் உள்ளே இருந்து போராடியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

திறப்பு நாளன்று அக்கா வீட்டில் இருந்தேன். அந்தப் புகைப்படக்காரப் பெண் வீடியோ காலில் வந்தாள். நீளமான வராண்டா. குளிர்கோட்டுகள் மாட்டும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் அக்கா ஆளுயரத்துக்கு உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கழற்ற வந்தவர்கள் ஒரு கையை உருவியபடியே நின்று பார்த்தார்கள். பக்கத்திலேயே கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கிழவரின் படம். ஹாலில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அந்தப் பெண் தன் படத்தையும் வெளியே கொண்டுவந்து மாட்டியிருந்தாள்.

"என்னாடி இது, இம்மாம் பெருசா போட்டிருக்காங்க," என்றாள் அக்கா. முந்தானை கண்ணுக்குப் போனது. கொட்டிய அன்றுகூட அழாதவள்.

சற்றுப் பொறுத்து, "உங்கூர்ல தக்காளி வெளையுமாங்க?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குளிர்காலத்தில் விளையாது, வெளியிலிருந்து வாங்குகிறோம் என்றாள் அந்தப் பெண்.

"அப்ப நம்முளுத அனுப்பறோம்னு சொல்லு. மந்திரிங்களும் இதத்தான பேசிக்கிட்டிருக்காங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. அங்கே அந்தப் பெண் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா என் தோளில் சாய்ந்து, போனுக்குள் தெரிந்த தன் முகத்தையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.